பூபதிராஜா வைத்ததும் எடுத்ததும்

கேரள எல்லையோரத்து வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் கயிற்றுக்கடை பூபதிராஜாவைத் தெரியாதவை மாடுகள் மட்டுமே. அவற்றுக்கும் மூக்கணாங்கயிறு வழியாக ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு என்பதால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவருக்கு வயது நாற்பத்தாறு. கடையின் முன்பக்கத்தில் தலைக்கயிறு, சலங்கை, கொம்புக்குப் பூசும் வர்ணம். பின்பக்கத்தில், நீலத் தார்ப்பாய்க்கு அப்பால், ஒரு மரப் பெஞ்சு. முன்பக்கம் மாடுகளுக்கு, பின்பக்கம் குழந்தைகளுக்கு. அவர் பெயர் நாலு ஊருக்குத் தெரிந்தது பின்பக்கத்தால்தான். அங்கே அவர் தொக்கம் எடுத்தார்.

தொக்கம் என்றால் என்ன என்று கொங்குப் பக்கத்து ஆளிடம் கேட்டால், கேட்டவரைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார். குழந்தை எதையோ தின்கிறது. அது இறங்காமல் உள்ளே எங்கோ ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் காய்ச்சல் வந்தால் தொக்கம். பேதி போனால் தொக்கம். போகாவிட்டாலும் தொக்கம். அழுதுகொண்டே இருந்தால் தொக்கம், அழாமல் உம்மென்று இருந்தால் கட்டாயம் தொக்கம். இவ்வளவு பரந்த ராஜ்யத்தை ஆளும் ஒரு நோயைப் பற்றி மருத்துவப் புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லை என்றால், அது புத்தகம் எழுதியவர்களின் கவனக்குறைவு என்றுதான் வேலந்தாவளம் எடுத்துக்கொண்டது.

எடுக்கிற முறை இது: குழந்தையின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, நீவி நீவி மேலே ஏற்ற வேண்டும். பிறகு கையைக் குழல்போலக் குவித்து, ஒரு முனையைக் குழந்தையின் வாயிலும் மறுமுனையைத் தன் வாயிலும் வைத்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதை வாழையிலைத் துண்டில் துப்ப வேண்டும். இலையில் ஒரு துணுக்கு வடையோ தேங்காயோ முறுக்கோ கிடக்கும். தாய் குனிந்து பார்த்து அடையாளம் சொல்லுவாள்: "ஆமாங்க, போன அமாவாசைக்குச் சுட்ட வடையுங்க." பதினைந்து நாள் வயிற்றில் கிடந்த வடை இவ்வளவு கெடாமல் வந்திருக்கிறதே என்று ஒருவரும் வியந்ததில்லை. வியந்தவர்கள் வடை சுட்டவளைத்தான் வியந்தார்கள்.

இந்த வித்தை பூபதிராஜாவுக்கு மாமியார் வீட்டுச் சொத்து. கல்யாணத்தின்போது அவர் எதிர்பார்த்தது மோட்டார் சைக்கிள். மாமியார் காலமான பிறகு வந்து சேர்ந்தது ஒரு பித்தளைக் கிண்ணமும் ஒரு வட்டத் தகரடப்பாவும். முறைப்படி அது மகள் வனிதாவுக்குப் போயிருக்க வேண்டும். அவளோ, "எச்சத் துப்பற பொழப்பு எனக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிக் கடையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் சந்தை நாளில் பூபதிராஜா ஒன்பது குழந்தைகளின் வயிற்றை நீவினார். மாமியார் நீவுவதைப் பல வருடம் பார்த்த கை. ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. ஆனால் ஒன்பதிலும் இலையில் வெறும் எச்சில்தான். வெறுங்கையோடு திரும்பிய தாய்மார்களின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. கடை கட்டும் நேரத்தில் மனைவியிடம் வந்து நின்றார்.

"எங்கையில வாக்கு இல்ல வனிதா. ஒண்ணுமே வரமாட்டேங்குது."

வனிதா கயிறு சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள். "என்னுங்க வெச்சீங்க?"

"வெக்கறதா?"

"வெச்சாத்தானுங்க வரும்."

அவள் விளக்கினாள். தகரடப்பாவில் இருந்தது தொழில் சரக்கு. பூபதிராஜா அதை மாமியாரின் நொறுக்குத்தீனி என்று நினைத்து மத்தியானமே டீயோடு தின்று முடித்திருந்தார். அன்று அவர் அடைந்த அதிர்ச்சி சாதாரணமானதல்ல. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டார். நான்காம் நாள் டப்பாவை நிரப்பினார்.

பதினான்கு வருடம் ஓடியது. மோசடி செய்கிறோம் என்ற எண்ணம் ஆரம்பத்தில் எப்போதாவது எட்டிப் பார்த்தது. பிறகு அதுவும் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. "கடைசியா என்னம்மிணி குடுத்தீங்க?" என்று கேட்டு, பதிலுக்கு ஏற்றபடி டப்பாவிலிருந்து தேர்ந்தெடுத்து வாயில் ஒதுக்குவதில் அவருக்கு இணை இல்லை. நிலக்கடலை என்றால் முழுப்பருப்பை நாக்காலேயே இரண்டாகப் பிளந்து, கன்னத்துக்கு ஒரு பாதியாக வைத்துக்கொள்வார். முதல் உறிஞ்சலில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று. இரண்டு தடவை வந்தால் தாய்க்கு இரட்டிப்பு நிம்மதி.

இந்தப் புகழுக்கு எதிரே, நடுவில் பத்தடி வழிதான் இடைவெளி, ஒரு பிளாஸ்டிக் மேசை. சந்தை நாட்களில், அரசு சுகாதாரத் திட்டத்தின் ஆஷா ஊழியர் செல்வப்பிரியா அங்கே குடையை விரித்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களையும் தடுப்பூசி நோட்டீசுகளையும் அடுக்கி உட்கார்ந்திருப்பாள். முப்பது முப்பத்திரண்டு வயது. வாய் கொஞ்சம் நீளம்.

"ஏனுங்ணா, இன்னைக்கு எத்தன வடை எடுத்தீங்க?"

"நீ எத்தன உப்புப் பொட்டணம் வித்தம்மிணி?"

"விக்கறதில்லீங்ணா. சும்மாத்தான் குடுக்கறம்."

"சும்மா குடுத்தும் வாங்கமாட்டேங்கறாங்க பாரு."

இப்படி இரண்டு வைத்திய முறைகளும் பரஸ்பர மரியாதையோடு நடந்துகொண்டிருந்தபோதுதான், போன ஆடி மாதத்துச் சந்தை ஒன்றில், கருப்புசாமி என்ற விவசாயி ஒரு கறவை மாட்டையும் மருமகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்தார். மாடு விற்பதற்கு. பேரன் தொக்கத்துக்கு. மருமகள் யோகப்பிரியா பேரனைத் தூக்கி வருவதற்கு. அவள் பி.காம். படித்தவள்; கணவன் திருப்பூரில் வேலை. பத்து மாதக் குழந்தைக்கு அவள் வைத்த பெயர் வீட்டில் யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் ராசு என்று கூப்பிட்டார்கள்.

ராசுவுக்கு மூன்று நாளாகப் பேதி. பூபதிராஜா வழக்கம்போல் கேட்டார்.

"கடைசியா என்னம்மிணி குடுத்தீங்க?"

"அரிசிக் கஞ்சிதானுங்க," என்றாள் யோகப்பிரியா.

கருப்புசாமி குறுக்கே வந்தார். "கஞ்சியெல்லாம் இல்லீங்க. முந்தாநேத்து நான் தின்னுட்டிருந்த கல்லக்காயில ஒண்ண எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். நான் பாத்துப் புடுங்கிப்போட்டேன்."

"புடுங்கிட்டீங்கன்னா அது வயித்துல எப்படிங்க மாமா இருக்கும்?"

"வாசம் போயிருக்குமில்ல."

யோகப்பிரியா எதிர் மேசையில் இருந்த உப்புப் பொட்டலங்களை ஒருமுறை பார்த்தாள். கருப்புசாமி அவளைப் பார்த்தார். அவள் குழந்தையை நீட்டினாள். பூபதிராஜா தார்ப்பாய்க்குப் பின்னால் திரும்பி, டப்பாவைத் திறந்து, நல்ல பெரிய நிலக்கடலைப் பருப்பாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பிளந்து ஒதுக்கினார்.

வயிற்றை நீவியதும் குழந்தை வீறிட்டது. அது நல்ல சகுனம். அழுகிற வாய் திறந்திருக்கும். கையைக் குவித்து, வாயை வைத்து, மூச்சை உள்ளே இழுக்கும் அந்த நொடியில், இரண்டு கடை தள்ளி இருந்த பஜ்ஜிக் கடைக்காரன் கொதிக்கிற எண்ணெயில் ஒரு கை காய்ந்த மிளகாயைப் போட்டான். நெடி பூபதிராஜாவின் தொண்டையில் ஏறியது. பதினான்கு வருடமாக உள்ளே இழுத்தே பழகிய மனிதர், அன்று இருமினார்.

அதே நேரத்தில் குழந்தை அடுத்த அழுகைக்காக மூச்சை இழுத்தது.

அழுகை வரவில்லை.

பூபதிராஜா முதலில் நினைத்தது, குழந்தை சமாதானமாகிவிட்டது என்று. வெட்கமில்லாமல் ஒரு சிறு பெருமைகூட எழுந்தது. பிறகு முகத்தைப் பார்த்தார். வாய் பிளந்திருந்தது. கண்கள் அவரையே பார்த்தன. நெஞ்சு உள்ளே உள்ளே குழிந்தது. சத்தம் மட்டும் இல்லை. உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் நாக்கு தானாகவே இடது கன்னத்துக்குப் போனது. காலி. வலது கன்னம். காலி.

அவருடைய கை நீட்டியபடியே நின்றுவிட்டது.

"ஏனுங்க, கொழந்த ஏன் இப்படிப் பாக்குது?" என்றாள் யோகப்பிரியா. அடுத்த கணம் குரல் மாறியது. "மாமா, மூச்சு வுடமாட்டேங்கறானுங்க."

ஒரு சந்தையின் மொத்த அறிவும் ஒரே இடத்தில் கூடுவதற்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை. ஒருவர் உச்சந்தலையில் தட்டச் சொன்னார். ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார்; இன்னொருவர், தண்ணீர் போதாது, பழத்தை உருட்டிக் கொடுத்தால் அடைப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்றார். மாட்டுத் தரகர் ஒருவர், பிறந்த கன்றுக்கு மூச்சு வராவிட்டால் மூக்கில் வைக்கோல் விட்டுக் குடைவது வழக்கம் என்று தெரிவித்து, வைக்கோலுக்கே போய்விட்டார். கருப்புசாமி பேரனின் வாய்க்குள் தன் ஆள்காட்டி விரலை விட்டார். கலப்பை பிடித்துக் காய்த்த விரல்.

அந்த விரலின்மேல் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"வெரல எடுங்க. இன்னும் உள்ள தள்ளிப்போடும்."

செல்வப்பிரியா வந்திருந்தாள். அவளுடைய மேசை வழியில் கவிழ்ந்து கிடந்தது. குழந்தையைப் பிடுங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து, தன் முன்கையின் மேல் குப்புறப் படுக்கவைத்தாள். தாடையை விரல்களால் தாங்கி, தலை தாழ்ந்திருக்கும்படி கையைத் தொடையில் ஊன்றினாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடித்தாள். தடவல் இல்லை, அடி. ஒன்று, இரண்டு என்று ஐந்து. யோகப்பிரியா ஒவ்வொரு அடிக்கும் தன் முதுகில் விழுந்ததுபோல் அதிர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. குழந்தையை மல்லாத்தி, நெஞ்சு நடுவே, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரலை வைத்து ஐந்து முறை அழுத்தினாள். வாய்க்குள் பார்த்தாள். பார்த்தாளே தவிர விரல் விடவில்லை. மறுபடி குப்புற.

"யாராச்சும் ஆம்புலன்சுக்கு அடிங்க. சும்மா நிக்காதீங்க."

இரண்டாவது சுற்றின் மூன்றாவது அடியில் ஏதோ ஒன்று தெறித்து, வாழையிலையின் ஓரத்தில் விழுந்தது. குழந்தை ஒரு பெரிய இழுப்பு இழுத்தது. பிறகு அழுதது. சந்தை மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதது.

இலையில் கிடந்தது பாதி நிலக்கடலைப் பருப்பு.

"கல்லக்கா," என்றார் கருப்புசாமி, கண்ணீரோடு. "நான் சொன்னனில்லீங்க. கல்லக்காதான்." அவர் பூபதிராஜாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: அடியில் பாறைபோல் இறுகிக் கிடந்த தொக்கத்தைக் கலைத்துத் தொண்டைவரை கொண்டுவந்தது பூபதிராஜா, தட்டிவிட்டது மட்டும்தான் அந்தப் பெண். வைக்கோலோடு திரும்பி வந்த தரகரும் இதை ஆமோதித்தார்.

செல்வப்பிரியா வாதாடவில்லை. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோணும், வாங்க," என்றாள் யோகப்பிரியாவிடம்.

"அதான் அழுகறானே. அப்பறம் என்னத்துக்கு?" என்றார் கருப்புசாமி. "மாட்டக் கட்டிப்போட்டு வந்திருக்கறன்."

"அழுதாலும் டாக்டர் ஒருக்கா பாக்கோணுங்க."

யோகப்பிரியா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஓர் ஆட்டோ கிடைத்தது. மூவரும் குழந்தையும் போனார்கள்.

பூபதிராஜா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி. அவருடைய நாக்கு வாய்க்குள் ஒரு சந்து பொந்து விடாமல் தேடியது. கடைவாய்ப் பல்லின் ஓட்டையில் தேடியது. இல்லை. சட்டைப் பையை உதறினார். துண்டை உதறினார். பிறகு மண்டி போட்டு, வைக்கோலையும் சாணியையும் விலக்கித் தரையில் தேடினார்.

"என்னுங்க தேடறீங்க?"

"சாவிங்க."

உடனே ஏழெட்டுப் பேர் குனிந்து சாவி தேடினார்கள். ஒருவர் உண்மையிலேயே ஒரு சாவியைக் கண்டெடுத்தும் கொடுத்தார். பூபதிராஜா அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

வனிதா முன்பக்கத்திலிருந்து வந்தாள். ஆட்கள் நகரும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எத்தன வெச்சீங்க?"

"முழுசு."

"எத்தன வந்துது?"

"பாதி."

அவள் இலையில் கிடந்த பாதியைக் குனிந்து பார்த்தாள். அப்புறம், "போய்ச் சொல்லிப்போடுங்க," என்றாள்.

"என்னன்னு சொல்றது? வாயில வெச்சிருந்தேன்னா? உங்கம்மா காலத்துல இருந்து கட்டுன பேரு வனிதா. கடையக் கொளுத்திப்போடுவாங்க."

"எங்கம்மா செத்து பதினாலு வருசமாச்சு. அந்தக் கொழந்த இன்னும் இருக்குதுங்க."

அவர் வண்டிச் சாவியை எடுத்தார். அதாவது தன்னுடையதை.

கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரிக்கான பதினொரு கிலோமீட்டர் தூரத்தை அவருடைய மொபெட் கடந்த வேகம் அதன் தயாரிப்பாளர்கள் கனவிலும் நினைக்காதது. வழியெல்லாம் அவர் தனக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தார். தற்செயலாக, தவறுதலாக, தெரியாத்தனமாக என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் அவரிடம் நிறைய இருந்தன. ஒன்றிலும் அந்தப் பருப்பு தானாக வாய்க்குள் வந்து உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் ராசு அம்மா மடியில் உட்கார்ந்து ஸ்டெதஸ்கோப்பின் குழாயைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, படத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ராத்திரி வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்ல, கருப்புசாமி ஒப்புக்கொள்ளவில்லை. பேரன் விளையாடுகிறான், மாடு சந்தையில் பட்டினி. எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போடத் தொடங்கியிருந்தார். "கருப்பு" வரைக்கும் போட்டாகிவிட்டது.

"டாக்டரம்மா, இன்னொரு பாதி இருக்குதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் பூபதிராஜா, புழுதியும் வியர்வையுமாக.

"எந்து பாதி?" என்றார் டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழில்.

"கல்லக்காங்க. ரண்டு பாதி. ஒண்ணுதான் வெளிய வந்துது."

"அது உங்களுக்கு எப்படி அறியும்?"

வழியில் தயார் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. அவர் வாயைத் திறந்தார். ஆள்காட்டி விரலால் இடது கன்னத்தின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு வலது கன்னத்தை.

"இங்க ஒண்ணு வெச்சிருந்தனுங்க. இங்க ஒண்ணு. எடுக்கறப்ப இருமிட்டேன்."

சந்தைக்குச் சந்தை மேசைக்கு அப்பாலிருந்து கிண்டலடித்த செல்வப்பிரியாவே அவர் வாயை எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் தெரிந்த ஒன்றை அந்த வாயே திறந்து காட்டும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"உங்க வாயில இருந்ததுங்களா?" என்று யோகப்பிரியா மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மிணி."

அவள் துப்பட்டாவின் முனையை எடுத்து மகனின் உதட்டைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பியது. விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கருப்புசாமி சிரித்தார். "மனுசன் பயந்துட்டாருங்க டாக்டரம்மா. என்னமோ பெனாத்தறாரு. நீங்க காயிதத்த வாங்கிக்கங்க."

டாக்டரம்மா காகிதத்தை வாங்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை ராசுவிடமிருந்து பிடுங்கி, இடது நெஞ்சில் வைத்துக் கேட்டார். வலது நெஞ்சில் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் வலது நெஞ்சில், கீழே, ரொம்ப நேரம். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இந்தப் பக்கம் காற்று குறைவா போகுது. கடலை எக்ஸ்ரேயில தெரியாது. முதல்ல மூச்சு முட்டும், அப்புறம் குட்டி நல்லா விளையாடும், ஆளுங்க சமாதானமா வீட்டுக்குக் கொண்டு போவாங்க. அது உள்ள ஊறிப் பெருசாகும். பத்து நாள் கழிச்சு நிமோனியாவோட வருவாங்க." அவர் காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். "உடனே கோயமுத்தூர் போகணும். வாயில ஒண்ணும் கொடுக்க வேண்டாம். பாலும் வேண்டாம்."

கோயமுத்தூரில் மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் இறக்கிப் பார்த்தார்கள். அந்த முக்கால் மணி நேரமும் பூபதிராஜா நடைபாதையில் ஒரு தூணை ஒட்டி நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. யோகப்பிரியா அவர் இருக்கிற திசையில் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் கையில் சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வெளியே வந்து, "எடுத்தாச்சு. குழந்தை நல்லா இருக்கு," என்றார்.

குப்பிக்குள் மற்றப் பாதி. ஊறி வெளுத்துப் பருத்திருந்தது. பூபதிராஜா அதைப் பார்த்தார். ஒரு குழந்தைக்குள் இருந்த ஒன்றை, வைக்காத ஒருவர் எடுத்துக் காட்டுவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். உட்கார்ந்தார். அங்கே நாற்காலி ஏதும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் ராசு வீடு திரும்பினான். சந்தடியில் எல்லோரும் மறந்துபோயிருந்த பேதி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரில், யாருக்கும் சொல்லாமல் நின்றுவிட்டது.

பூபதிராஜா மன்னிப்புக் கேட்கப் போனார். கருப்புசாமி ஓடிவந்து பாய் விரித்தார். யோகப்பிரியா உள்நடையில் குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்று அவரைப் பார்த்தாள். "வாங்க" என்று சொல்லவில்லை. கொங்கு நாட்டில் பகையாளி வந்தால்கூடச் சொல்லிவிடுகிற சொல். போலீசுக்குப் போயிருந்தால்கூட அவர் அவ்வளவு கூசியிருக்கமாட்டார். வந்த வழியே திரும்பினார்.

அடுத்த சந்தை நாளுக்கு முன்பே நீலத் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டார். டப்பாவை வனிதா எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டாள். கயிறு மட்டும் விற்பது என்று முடிவு. காலையில் கடையைத் திறக்க வந்தவர், வரிசையைப் பார்த்து அப்படியே நின்றார். வாசலிலிருந்து பஜ்ஜிக் கடை தாண்டி மாட்டுத் தொட்டி வரைக்கும் நின்றது. அத்தனை இடுப்பிலும் குழந்தை.

கருப்புசாமி சும்மா இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்ன கதை கொழிஞ்சாம்பாறையையும் எல்லையையும் தாண்டிப் போயிருந்தது: படத்தில் தெரியாதது, காதில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டருக்கு முதலில் கேட்காதது, பதினொரு கிலோமீட்டருக்கு அப்பால் சந்தையில் இருந்தபடியே பூபதிராஜாவுக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் பாதி இருக்கிறது என்று வண்டியில் ஓடிவந்து சொன்ன மகான். அது சரி, அவர் வாயில் வைத்ததாகச் சொன்னாரே? அது தன்னடக்கம்.

பூபதிராஜா வரிசைக்கு முன்னால் வந்து நின்று, ஒன்றும் மறைக்காமல் சொன்னார். டப்பாவைச் சொன்னார். கன்னத்தைச் சொன்னார். வடை, தேங்காய், முறுக்கு எல்லாவற்றையும் சொன்னார். குழந்தையைக் கிட்டத்தட்டக் கொன்றதைச் சொன்னார்.

"பதினாலு வருசமா நாந்தான் வெச்சனுங்க. நானேதான் எடுத்தேன். தொக்கமுமில்ல, ஒரு மண்ணுமில்ல. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

வரிசையில் முதலில் நின்ற பெண், எல்லை தாண்டி விடியற்காலை பஸ்ஸில் வந்தவள், மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லி முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சுட்டனுங்க."

"அப்பக் கொழந்தயப் புடிங்க."

வேண்டாம் என்று கையை இழுப்பதற்குள் அவள் குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டாள். ஒன்றரை வயதிருக்கும். உடம்பு அனலாய்க் கொதித்தது. வரிசை முழுக்க அவர் வாயையே பார்த்தது. அந்த வாயில் ஒன்றுமே இல்லை. காய்ச்சலில் கிடக்கும் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது, இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தெரிந்துகொள்ளாத விஷயம் என்று அவருக்கு உறைத்தது.

அவர் பத்தடி வழியைக் கடந்து, செல்வப்பிரியா உட்கார்ந்திருந்த எதிர் மேசைக்கு நடந்தார். வரிசையும், இது ஏதோ புது முறை போலிருக்கிறது என்று, கலையாமல் பின்னாலேயே வந்தது.